எட்டாவது விநாடி

வடபழனி நிறுத்தத்தில் நாற்பது பேர் ஒன்றரை மணி நேரமாகப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கடுகளவு எரிச்சல் இல்லை. எல்லோர் நெற்றியிலும் விரலகலத்துக்கு ஒரு சாம்பல் நிற வளையம், எல்லோர் கண்ணும் எதிரே நட்டிருந்த வெற்றுப் பலகையில், எல்லோர் உதட்டிலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. முன்பு அந்தப் பலகையில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. பார்ப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ அதைச் சுரண்டி எடுத்துச் சாம்பல் வண்ணம் பூசிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் வளையம் இல்லாமல், எரிச்சலோடு நின்றது ஒரே ஆள்தான். எண்பத்தொரு வயது சுகிர்தம். அவள் கையில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது, அதைக் குழந்தையைப் போல இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஏன் பஸ் வரலன்னு யாராவது கேட்டியளா?" என்றாள் பக்கத்தில் நின்றவரிடம்.

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்துட்டே இருக்கும்மா."

"ஒண்ணரை மணி நேரமாவா வந்துட்டே இருக்கு?"

"அதாம்மா நல்லா இருக்கு."

சுகிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பதிலை ஆறு வருடமாகக் கேட்கிறாள்.

முன்மகிழ்வி என்ற அந்த வளையம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் தத்துவம் எளிது. ஒரு குழந்தை தொலைக்காட்சி பார்க்கும்போது எந்தக் கணத்தில் அதிகம் மகிழ்கிறது என்று சில விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். கார்ட்டூன் ஓடும்போது அல்ல. அது தொடங்குவதற்குச் சற்று முன்னால் அலைவரிசையின் அடையாளத் துண்டு ஒன்று வருமே, நாலைந்து சுரம், ஒரு பொம்மை, ஒரு பெயர், அந்த ஏழு விநாடியில்தான். பிறகு வருகிற நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த எதிர்பார்ப்புக்கு ஈடாகவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு முன்மகிழ்வு என்று பெயர் வைத்தார்கள். ஒரு தலைமுறை முழுக்க ஒரே துண்டை, ஒரே நேரத்தில், பத்து வருடம் பார்த்திருந்தால் அத்தனை பேர் மூளையிலும் ஒரே பூட்டு. அதற்கு ஒரே சாவி போதும். வளையம் அந்தச் சாவியைத் திருப்பும். எதிரே வெற்றுச் சுவர் இருந்தால் அதில் துண்டு ஓடுவது போலவே தெரியும். ஏழு விநாடி முடிந்ததும் மூளை அப்படியே நிற்கும்: இதோ, தொடங்கப் போகிறது. அந்த 'இதோ' இருபது நிமிடம் நீடிக்கும். அது வடிந்ததும் வளையம் மறுபடி சாவியைத் திருப்பும்.

தொடங்குவதுதான் இல்லை. யாருக்கும் அது வேண்டியதாகவும் இல்லை. கல்யாண மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முன்பு வளையம் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள் தாலி கட்ட எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வரிசைகளில் சண்டை ஒழிந்தது. தண்ணீர் வராத தெருவில் குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் சிரித்தபடி நின்றார்கள். காத்திருப்பதில் சந்தோஷப்படுகிற ஜனங்களைப் போல வசதியான ஜனங்கள் எந்த அரசாங்கத்துக்கும் கிடைத்ததில்லை. வளையத்தை ரேஷன் கடையிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட தமிழர்களின் பூட்டுக்குச் சாவி, ஒரு நத்தை. கிளிஞ்சல் தொலைக்காட்சியின் நத்தை. அது ஒரு முக்காலியின் மேல் ஏறும், திரும்பிப் பார்க்கும், முதுகிலுள்ள ஓடு மூடி போலத் திறக்கும், உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் பொங்கும், ஐந்து சுரம் ஒலிக்கும். அவ்வளவுதான்.

அந்த நத்தையைச் செய்தவள் சுகிர்தம்.

ரசிகர்களுக்கு என்று ஒரு மன்றம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அவளை மேடையில் ஏற்றி 'நத்தையம்மா' என்று சால்வை போர்த்தி, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். சாலிகிராமத்தில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகை. ஜன்னல் கிடையாது. விளக்குச் சூட்டில் களிமண் காய்ந்து வெடிக்காமலிருக்க அதில் மெழுகு கலந்து பிசைய வேண்டும். நத்தை போகிற வழி பளபளக்கக் கோந்தும் தேங்காய் எண்ணெயும். ஓட்டுக்குள்ளே ஒரு டார்ச் பல்பு. நத்தையை ஒரு நெல்லளவு நகர்த்திவிட்டு ஒரு படம், இன்னொரு நெல்லளவு, இன்னொரு படம். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். ஏழு விநாடிக்கு எண்பத்துநான்கு. ஒன்பது நாள் குனிந்த முதுகு நிமிரவில்லை. படம் பிடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "கை!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தன் கையைத் தானே விரட்டுவதற்கு. கை படத்தில் விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு, நத்தை தானாக நடக்கிறது என்ற நம்பிக்கை போய்விடும்.

மன்றத்தார் அதைக் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள். அவள் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அந்தத் துண்டைச் செய்ததே காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால்தான். கார்ட்டூன்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. நாலரை மணி நிகழ்ச்சியின் டேப் நாலே முக்காலுக்கு ஆட்டோவில் வரும். அதுவரை பிள்ளைகள் வேறு அலைவரிசைக்கு ஓடிவிடக் கூடாது. "டேப் வரலயா? நத்தையைப் போடு" என்பார் மேலாளர். சில நாள் நத்தை முப்பது தடவைகூட ஏறி இறங்கும். இதோ வருகிறது, இதோ வருகிறது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொய் சொல்லும். ஒரு தலைமுறையின் பொற்காலம் என்று இவர்கள் கொண்டாடுவது அந்தப் பொய்யைத்தான் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். அதனால் முன்மகிழ்வி அவளிடம் பலிக்கவில்லை. ஒரே ஒரு முறை மாட்டிப் பார்த்தாள். நத்தை வந்தது. கூடவே முதுகுவலியும் உருகிய மெழுகின் நாற்றமும் வந்தன. கழற்றி வீசிவிட்டாள்.

சொல்லாத பாதிக்குள் இன்னொரு பாதியும் உண்டு. அந்த நாலரை மணிகளில் அவள் மகள் பியூலா வீட்டில் தனியாக இருந்தாள். எட்டு வயது. அப்பா துபாயில். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவைத் தானே திறந்து, பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா செய்த நத்தையைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அம்மா வருவது ஒன்பது மணிக்கு. அதற்குள் பிள்ளை சோபாவிலேயே தூங்கியிருக்கும். அவளைத் தூக்கிக் கட்டிலில் போடும்போது, தூக்கத்திலேயே அம்மாவின் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். களிமண் வெட்டும் கத்தி பட்டு நகம் நடுவில் பிளந்துபோன விரல். அந்தப் பிளவைத் தடவித்தான் பிள்ளைக்கு அம்மா வந்தாயிற்று என்று தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. அம்பத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். பாதிப் பாடத்தில் வளையத்தை மாட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புருஷன் முன்பே விலகியிருந்தான். அம்மாவின் வீட்டுக்கு வந்தாள், கூடத்தில் மாட்டியிருந்த காலண்டரையும் அப்பாவின் படத்தையும் எடுத்துவிட்டு அந்தச் சுவருக்குச் சாம்பல் வண்ணம் பூசினாள், அதன் எதிரே உட்கார்ந்தாள். ஒன்றரை வருடம் ஆகிறது.

"சாப்பிட வாட்டி."

"இரும்மா. ஆரம்பிக்கப் போவுது."

"என்னட்டி ஆரம்பிக்கப் போவுது? நான்தான செஞ்சேன் அதை. அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது. ஓட்டுக்குள்ள பல்புதான் இருக்கு."

"இரும்மா."

தட்டில் சோறு காய்ந்து போகும். பியூலாவின் கை குச்சியாகிவிட்டது. முழங்கையைப் பிடித்தால் சுகிர்தத்தின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தொட்டுக்கொள்கின்றன. டாக்டர் ஒருமுறை வந்து பார்த்தார். இப்படியே போனால் அடுத்த மழைக்காலம் தாங்காது என்று சொன்னார், சொல்லிவிட்டுத் தன் வளையத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.

போன மாதம் ஒரு நாள், தொடப்படாத தட்டை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் சுகிர்தத்துக்கு அந்த யோசனை வந்தது. இவளுடைய நோய் நத்தை அல்ல. நத்தை மூடாததுதான் நோய். ஓட்டைத் திறந்து வெளிச்சத்தைக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். திறந்ததை மூடுகிற வேலையை நான் செய்யவே இல்லை. இன்னும் ஒரு விநாடி வேண்டும். பன்னிரண்டு படம். ஒரு கை வர வேண்டும், ஓட்டை மூட வேண்டும், வெளிச்சம் அணைய வேண்டும். முடிந்தது, எழுந்து போய்ச் சாப்பிடு என்று பிள்ளையிடம் யாராவது சொல்ல வேண்டும்.

பரணிலிருந்து ஒவ்வொரு படமாகப் பிடிக்கும் பழைய கேமராவை இறக்கினாள். அந்தக் காலத்து டேப்பில் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. கிளிஞ்சலின் மற்ற டேப்புகளையெல்லாம் மேலே மேலே பதிவு செய்து அழித்துவிட்டார்கள், இது ஒன்று தப்பித்திருந்தது. நத்தையும் முக்காலியும் செருப்புப் பெட்டியில் இருந்தன. நத்தையின் கழுத்து விரிசல் விட்டிருந்தது, மெழுகு வைத்து ஒட்டினாள். கஷ்டம் கொடுத்தது கைதான். எண்பத்தொரு வயதுக் கை, சுருக்கமும் நரம்புமாக. பியூலாவுக்குத் தெரிந்த கை இது அல்ல. எனவே மெழுகுக் களிமண்ணைத் தன் நிறத்துக்குக் கலந்து, கையின் மேல் மணிக்கட்டு வரை மெல்லியதாகப் பூசி, கரண்டிக் காம்பால் நீவி நீவி வழுவழுப்பாக்கினாள். பிளந்த நகத்தை மட்டும் பூசாமல் விட்டாள்.

சமையல் மேடையில் மூன்று நாள். நெல்லளவு நகர்த்தி ஒரு படம். பழக்கதோஷத்தில் முதல் படத்துக்கே "கை!" என்று கத்திவிட்டுத் தன் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கையைப் படத்துக்குள்ளேயே வைத்துப் பன்னிரண்டு படத்தையும் முடித்தாள்.

அந்த டேப்தான் இப்போது நத்தையோடு செருப்புப் பெட்டிக்குள் இருந்தது. பேருந்து வராது என்று முடிவாகத் தெரிந்ததும் ஒரு ஆட்டோவைப் பிடித்துச் சிறுசேரிக்குப் போனாள்.

முன்மகிழ்வியைச் செய்கிற நன்மாலை நிறுவனத்தில் நத்தைப் பிரிவுக்குத் தலைவர் நிரஞ்சன். ஐம்பத்து நான்கு வயது. முன்பு ரசிகர் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவர். நத்தையின் ஓட்டில் பதினொரு புள்ளி, ஒன்பதாவது புள்ளி லேசாக அழிந்தது, நாலாவது விநாடியில் மின்சாரம் இறங்கி வெளிச்சம் ஒரு முறை துடிக்கும் என்று எல்லாம் மனப்பாடம். அவளைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து காலைத் தொட்டார்.

"மேடம்! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"தம்பி, உங்க மன்றத்துல ஒரு பேச்சு உண்டு. எட்டாவது விநாடின்னு."

நிரஞ்சனின் முகம் வெளுத்தது. ரசிகர்களுக்குள் இருபது வருடமாக ஓடும் வதந்தி அது. யாரோ ஒருவர் சின்ன வயதில் எட்டாவது விநாடியைப் பார்த்ததாகச் சொல்லி, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பாதிப் பேர் மறுத்து, மன்றமே இரண்டாக உடைந்திருந்தது.

"இருக்கா மேடம்?" என்றார்.

"எடுத்தோம். போடல. கை விழுந்துட்டு. கை தெரிஞ்சா அதுக்கப்புறம் அது நத்தையா? வீட்டுல கிடக்கட்டும்னு தூக்கிட்டுப் போயிட்டேன்."

எண்பத்தொரு வயதில் இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவள் நினைக்கவில்லை. நிரஞ்சன் டேப்பைப் போட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பதினொரு புள்ளி இருந்தது. ஒன்பதாவது அழிந்திருந்தது. முக்காலியின் ஓரத்தில் களிமண்ணில் பதிந்த கைரேகையைக் கணினியில் ஒப்பிட்டார். அதே ரேகை. ரேகை மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்! நத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவனாக இருந்திருந்தால் இந்த டேப் எப்போது எடுத்தது என்று கேட்டிருப்பான். எல்லாம் தெரிந்தவர், அழுதுகொண்டிருந்தார்.

"ஆனா மேடம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு விஷயம். வளையம் போட்டிருக்கிற மூளை திறந்த வீடு மாதிரி. அந்த நேரத்துல உள்ள போறது எதுவா இருந்தாலும் பழசாயிடும். திரும்பத் திரும்பப் பார்த்தா, சின்ன வயசுல பார்த்ததாவே பதிஞ்சிடும். அதனாலதான் நாங்க ஒரு தூசியைக்கூட மாத்துறதில்ல. இது அசல்தானே? போலியா இருந்தா, ஒரு தலைமுறையோட ஞாபகத்துல நாம கை வச்ச மாதிரி ஆயிடும்."

சுகிர்தம் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பியூலாவின் முழங்கை ஞாபகம் வந்தது.

"நான் செஞ்சதுதான் தம்பி," என்றாள். அதில் பொய்யில்லை.

முடிவு என்று ஒன்று வந்தால் ஜனங்கள் வளையத்தைக் கழற்றிவிடுவார்களே என்று நிரஞ்சனுக்குள் இருந்த அதிகாரி பயந்தார். அவருக்குள் இருந்த ரசிகர் கேட்கவில்லை. நத்தை முதன்முதலில் ஒளிபரப்பான நாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று நாலரை மணிக்கு, ஒரே ஒரு முறை, எல்லா வளையத்திலும் எட்டாவது விநாடியைப் போடுவது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே சுகிர்தம் மகளின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறும் தயிரும் நார்த்தங்காய் ஊறுகாயும் தயாராக இருந்தன. பியூலா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலரை ஆயிற்று. சிரிப்பு விரிந்தது, கண் பளபளத்தது. அந்த ஏழு விநாடியையும் சுகிர்தம் வாய்க்குள் எண்ணினாள். ஏறுகிறது. திரும்புகிறது. திறக்கிறது.

எட்டு.

பியூலாவின் வாய் லேசாகத் திறந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, கையைத் தூக்கி வளையத்தைத் தானே கழற்றினாள். நெற்றியில் அது அழுந்திய தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"முடிஞ்சு போச்சும்மா," என்றாள்.

"முடிஞ்சுட்டுட்டி."

"பசிக்குது."

தெருவில் சத்தம் கேட்டது. சுகிர்தம் ஜன்னலைத் திறந்தாள். மூன்றாவது வீட்டுக்காரியும் ஐந்தாவது வீட்டுக்காரியும் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாச்சு தண்ணி வந்து, ஒருத்தனுக்காவது ரோஷம் இருக்கா என்று யாரோ ஒரு ஆள் வானத்தைப் பார்த்துக் கத்தினார். நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் பேருந்துப் பணிமனையை நோக்கிக் கோபமாக நடந்தார்கள். ஆறு வருடமாக உறங்கிக் கிடந்த வசவெல்லாம் விழித்துக்கொண்டு தெருவில் ஓடியது. சுகிர்தத்துக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது.

பியூலா இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கை வந்துச்சும்மா."

"ம்."

"நகம் பிளந்திருந்துச்சு." அவள் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போல்லாம் நீ வந்ததே இல்லம்மா. நாலரைக்கு. நான் தினமும் பாத்துட்டே இருப்பேன். நத்தை வரும், நீ வர மாட்ட."

சுகிர்தம் நாற்பத்தேழு வருடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தை ஒன்று இருந்தது. தப்புதான் மக்ளே, என்னை மன்னிச்சுக்கோ. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மகள் அப்போதுதான் சாப்பிட்டிருக்கிறாள், முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்திருக்கிறது, இப்போது போய் அழுது வைத்து அவளையும் அழவைப்பானேன் என்று பட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இனிமேல்தான் எத்தனை நாள் இருக்கிறது!

"படுட்டி. காலைல பேசுவோம்," என்றாள்.

காலையில் அவளை எழுப்பியது நிரஞ்சனின் அழைப்பு.

"மேடம்! நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சுகிர்தம் பயந்துபோனாள். "என்ன தம்பி?"

"நேத்து நாலரைக்கு எல்லாரும் கழட்டிட்டாங்க. நான் செத்தேன்னு நெனச்சேன். ஒன்பது மணிக்கு ஒருத்தர் ரெண்டு பேரா திரும்பி வந்தாங்க. எல்லாரும் ஒரே வார்த்தை மேடம்: 'இன்னொரு தடவை.' ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட எங்ககிட்ட இன்னொரு தடவைன்னு கேட்டதில்ல. எப்படிக் கேப்பாங்க? முடிஞ்சாத்தானே இன்னொரு தடவை கேக்க முடியும்! எங்களுக்கு அது உறைக்கவே இல்ல. ராத்திரியோட ராத்திரியா நிரந்தரமாப் போட்டுட்டோம். அந்த இருபது நிமிஷக் காத்திருப்பைக்கூடத் தூக்கிட்டோம். இனிமே எட்டு விநாடி, கை வரும், மூடும், உடனே இன்னொரு தடவை. எட்டு விநாடி, இன்னொரு தடவை. நம்ப மாட்டீங்க, விடியறதுக்குள்ள சிலர் மூவாயிரம் தடவை பாத்திருக்காங்க. மேடம்? வேற ஏதாவது போடாத துண்டு இருக்கா மேடம்? மேடம்?"

சுகிர்தம் கூடத்துக்கு ஓடினாள். எண்பத்தொரு வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமானால்.

பியூலா சுவரின் எதிரே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வளையம். கண் சிவந்திருந்தது, இரவு முழுக்க உறங்கவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்தது, கனிந்தது, அடங்கியது. உதடு அசைந்தது: இன்னொரு தடவை. மறுபடி மலர்ந்தது.

"பியூலா! கழத்துட்டி அதை!"

"இரும்மா. நீ வருவ இப்போ."

"நான் இங்கன நிக்கேன்."

"அதுல." மகள் சிரித்தாள். "நாலரைக்கு வருவல்ல. தினமும் வருவ. வந்து மூடிட்டு, வா சாப்பிடலாம்னு சொல்லுவ."

சுகிர்தம் மகளின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "மக்ளே, நான் வரல. ஒருநாளும் வரல. நேத்து நீயே சொன்னியே. நான் கொட்டகையில கிடந்தேன். நீ தனியா இருந்த. அது நான் போன மாசம் அடுக்களையில வச்சு எடுத்தது. கையில மெழுகு பூசி எடுத்தேன். தப்பு பண்ணிட்டேன் மக்ளே. அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு. என்னை மன்னிச்சுக்கோ."

"ஏம்மா இப்படிப் பொய் சொல்ற?" பியூலாவின் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போலப் பேசினாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் தனியா இருந்ததே இல்ல. எதுக்கு மன்னிப்பு? நீ எப்பவும் வந்திருக்க."

மன்னிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை காத்திருந்த பிள்ளையை, சுகிர்தம் தன் கையாலேயே, பன்னிரண்டு படத்தில், அழித்திருந்தாள்.

வெளியே சத்தம் அடங்கியிருந்தது. குழாயடியில் குடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. தெருவில் யாருமில்லை. வரிசையில் நிற்கக்கூட யாரும் வீட்டைவிட்டு வரவில்லை.

சுகிர்தம் எழுந்தாள். சுருக்கமும் நரம்புமாக இருந்த இடது கையை, மெழுகு பூசாத கையை, மகளின் முகத்தின் முன்னால் நீட்டினாள். பிளந்த நகம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. "பாரு மக்ளே. இதான் அந்தக் கை. இங்கன இருக்கு. பிடிச்சுக்கோ."

பியூலா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் கையைத் தாண்டிச் சுவரைப் பார்க்க முயன்றாள்.

"கையை எடும்மா," என்றாள். "மறைக்குது."

சுகிர்தம் கையை எடுத்துக்கொண்டாள்.